சேட்டு கடைக் கயிறு

எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தாக வேண்டும். எங்கோ ஒரு கப்பல் முழுகினால் அதில் எங்கள் உப்பு இருந்திருக்கும். எங்கோ ஒரு ராணி முத்துமாலை போட்டிருந்தால் அது எங்கள் கடலில் எடுத்த முத்து; எடுத்தவர் இன்னாருடைய பூட்டனார். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. சிப்பி கிடந்த பக்கமெல்லாம் இப்போது நிலக்கரிக் கப்பல்கள் காத்து நிற்கின்றன. ஆனாலும் பீச் ரோட்டில் டீ குடிக்கும் எந்த மனிதனைத் தட்டிப் பார்த்தாலும் உள்ளே ஒரு முத்து உருளும். உருளுவது கூழாங்கல் என்று அவனிடம் சொல்லிவிட முடியாது.

ஆகவே, ஆட்சியை இழந்து பிடிபட்ட ஒரு சர்வாதிகாரியைப் பாக்தாதில் தூக்கில் போட்டார்கள் என்று தொலைக்காட்சி சொன்னதும், எங்கள் ஊர் அதில் தன் பங்கைத் தேட ஆரம்பித்தது. அதிகம் சிரமப்படவில்லை. அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டது. கயிறு.

அது டிசம்பர் கடைசி. கிறிஸ்துமஸ் முடிந்தும் நட்சத்திர விளக்குகளை யாரும் இறக்காத வாரம். வாடைக்காற்று கடலைச் சீவிச் சீவித் தெருவில் எறிந்துகொண்டிருந்தது. நான் அப்போது பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தின் மாடியில் வேலை பார்த்தேன். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகும் மரக்கப்பல்களைத் தோணி என்போம். அந்தத் தோணிகளுக்குக் காகிதம் தயார் செய்வது என் பிழைப்பு. என் ஜன்னலுக்கு நேர் கீழே டீக்கடை. டீக்கடைக்கு எதிரே சேட்டு கடை.

சேட்டின் தாத்தா குஜராத்திலிருந்து வந்தவர். சேட்டு பிறந்தது, படித்தது, சொத்தைப் பல் பிடுங்கிக்கொண்டது எல்லாம் இங்கேதான். தங்கக் கரை போட்ட வெள்ளைத் தொப்பி ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்த குஜராத். மற்றபடி அவர் தமிழ் எங்கள் தமிழ், அவர் கோபம் எங்கள் கோபம், அவர் வெயிலும் எங்கள் வெயில். கடை முழுக்கக் கயிறு. மணிலா, நைலான், தென்னை நார். மலைப்பாம்புகள் குடும்பத்தோடு படுத்துறங்குவது போல ஆள் உயரச் சுருள்கள். உள்ளே நுழைந்தால் தாரும் நாரும் கலந்த ஒரு மணம் நம் மேல் வந்து ஏறிக்கொள்ளும். வீடு போய்த் தலையை அவிழ்த்தால் அங்கேயும் இருக்கும்.

கடலில் பிழைக்கிறவர்களுக்குக் கைராசி பெரிது. எங்கள் துறையில் புது வள்ளமோ புதுத் தோணியோ தண்ணீரில் இறங்கும் முன், அதன் முதல் கயிற்றைச் சேட்டுதான் தன் கையால் வெட்ட வேண்டும். வெட்டி, புரி பிரியாதபடி நுனியில் நூல் சுற்றி இறுக்கிக் கட்டிக் கொடுக்க வேண்டும். அவருடைய அப்பா காலத்துப் புயல் ஒன்றில் அப்பாவின் கை பட்ட கயிறு மட்டும் அறவில்லை என்று ஒரு பேச்சு; அதிலிருந்து பிறந்த வழக்கம். மாதாகோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார், காயல்பட்டினத்துக்காரர் பாத்திஹா ஓதுவார், சிவன் கோயில் மாலை வந்து விழும். எல்லாவற்றுக்கும் முன்னால் சேட்டு கை. எங்கள் ஊரில் மூன்று மதமும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது இரண்டே இரண்டு: புரோட்டா, சேட்டு கட்டும் நுனி.

அவர் போரா முஸ்லிம். அப்படியென்றால் என்ன என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை அவர் ஏன் பெரிய பள்ளிவாசல் பக்கம் போவதில்லை, அவர் வீட்டுப் பண்டிகைகள் ஏன் மற்றவர்களுக்கு ஓரிரு நாள் முந்தி வருகின்றன என்றும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல, சோம்பல். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். நாங்கள் அதற்கு மத நல்லிணக்கம் என்று பெயர் வைத்து, குடியரசு தினத்துக்குக் குடியரசு தினம் ஒலிபெருக்கியில் மெச்சிக்கொண்டோம்.

ஆண்டுதோறும் அவருடைய பக்ரீத் அன்று காலை, தெருவில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒரு பெட்டி மக்ரூன் வரும். முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்து நாக்கில் வைத்ததும் காணாமல் போகும் எங்கள் ஊர் மக்ரூன். ஊரின் பக்ரீத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும். பெட்டி ஏன் இப்போதே வந்தது என்று எவனும் யோசித்ததில்லை. வாய் நிறைய இருக்கும்போது யோசனை எங்கே போய் உட்காரும்?

அந்தச் சனிக்கிழமையும் பெட்டி வந்தது. டீக்கடையில் அதைத் திறந்தவர் என் சித்தப்பா. ஒரு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஆகையால் சம்மாட்டி. கடலுக்குப் போகும் நாட்களைவிடப் போகாத நாட்களில் அதிக மீன் பிடிப்பவர். மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது டீக்கடைத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடியது. முகமூடி போட்ட ஆட்கள், கறுப்பு ஓவர்கோட்டு போட்ட கிழவர், அவர் கழுத்தில் தொடை பருமனுக்கு ஒரு கயிறு. நான் மேலே ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் ஏறி வந்தது.

“ஏலே, சத்தத்தக் கூட்டு. அந்தக் கயித்தப் பாரு. முறுக்கப் பாரு. நம்ம சேட்டு கடைச் சரக்குலே அது!”

“சும்மா கெடயும் வே. அங்கன இல்லாத கயிறா?” என்றார் டீக்கடைக்காரர்.

“அங்கன மணலும் எண்ணெயும்தான் இருக்கு. கயிறு எங்கனவே வெளையுது? போன மாசம் இங்கனருந்து துபாய்க்குக் கயிறு போச்சா இல்லியா? மேல எம் மவ இருக்கா, கேளும்.” அண்ணன் மகளை மகள் என்றுதான் சொல்லுவார், காரியம் ஆக வேண்டியிருக்கும்போது. “ஏளா! துபாய்க்குக் கயிறு போச்சா?”

நான் தலையை நீட்டினேன். “அது தென்னங்கயிறு சித்தப்பா. பந்தல் போட.”

“போச்சா இல்லியா, அதச் சொல்லு.”

“போச்சு.”

“கேட்டுக்கிடும் வே!”

“துபாய் வேற நாடுல்லா?”

“பக்கத்து வீடு. சட்டியில கொழம்பு இல்லன்னா நீரு எங்கன போவீரு?”

இதுதான் எங்கள் ஊரில் ஒரு உண்மை பிறக்கும் விதம். மருத்துவச்சி கூட வேண்டாம். மத்தியானத்துக்குள் மீன் ஏலக்கூடத்துக்குப் போயிற்று, சாயந்திரம் உப்பளத்துக்கும் தருவைகுளத்துக்கும் போயிற்று. உப்பு, மக்ரூன், புரோட்டா, இப்போது தூக்குக்கயிறு. ஊர் ஒரு சாண் உயர்ந்தது. அன்றைக்கு அது வெறும் பெருமை, அதில் விஷம் ஏதுமில்லை. சேட்டுகூடக் கடை வாசலில் நின்று சிரித்தார். “நம்ம கயிறு கப்பலத்தான் கட்டும் அண்ணாச்சி, ஆளக் கொல்லாது.” சித்தப்பா அவர் அடக்கத்தை மெச்சி இன்னொரு மக்ரூன் எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வதந்திகளுக்குக் குறைவில்லை. செத்தவர் டூப்பு என்றார்கள். அசல் ஆள் காயல்பட்டினத்துச் சந்து ஒன்றில் ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனார் என்றார்கள். விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடும் இடத்தில் தாடியோடு நின்ற ஒரு அப்பாவியை இவர்தான் அவர் என்று ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்து வந்தார்கள். அந்த மனிதர் கடைசியில் சவரம் செய்துகொண்டு தப்பித்தார். நிலவில் அவர் முகம் தெரிகிறது என்று பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிகள் நிறைந்தன. அவர் உயிரோடிருந்து எத்தனை ஊர்களைச் சுடுகாடாக்கினார் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வதந்தியும் இல்லை. அது உண்மை, அதனால் சுவை குறைவு.

பஸ் நிலையத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ ஃப்ளெக்ஸ் முளைத்தது. மேலே அவர் சிரித்தார். கீழே உள்ளூர்க்காரர்கள் ஒரு பட்டாளம் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊரை முறைத்தார்கள். அஞ்சலி செலுத்துகிறவர்களின் தலை அஞ்சலிக்குரியவரின் தலையைவிடப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் இன்னொரு கூட்டம் கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய வெடியை அதன் கீழேயே வைத்து வெடித்தது. இரண்டு கூட்டத்திலும் அந்த நாட்டை வரைபடத்தில் தொட்டுக் காட்டக் கூடியவன் ஒருவன் இருந்தால் நான் என் காதை அறுத்துத் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில், அலுவலகத்தில் விட்டுவந்த குடையை எடுக்க மாடி ஏறினேன். கீழே டீக்கடையில் பாடம் நடந்துகொண்டிருந்தது. நாசரேத்துப் பக்கத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வந்திருந்தவர், தொலைக்காட்சி புதிதாகச் சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தைகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

“சன்னின்னு ஒரு பிரிவு, ஷியான்னு ஒரு பிரிவு. எப்படின்னா, நாங்க சி.எஸ்.ஐ. வேதக்கோயில்காரங்க, நீங்க ஆர்.சி. மாதாகோயில்காரங்க இல்லையா, அது மாதிரி.”

“நாம ஒருத்தர ஒருத்தர் தூக்குல போட்டுக்கிடலியே சார்?” என்றார் சித்தப்பா.

“போட்டுக்கிட்டோம். அது ஐரோப்பாவுல.”

“அப்ப இந்தாளு?”

“இவரு சன்னி. போட்டவங்க ஷியா.”

ஆட்டோக்காரர் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார். “நம்ம சேட்டு எந்தப் பள்ளிக்குப் போறாரு?”

யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“பெரிய பள்ளியில நான் பாத்ததில்ல,” என்றார் டீக்கடைக்காரர். “அவங்க ஆளுக நாலஞ்சு பேரு ஒரு வீட்டு மாடியில தொழுவாங்க.”

“நேத்துப் பெட்டி வந்துச்சே, எதுக்கு?”

“பெருநாளுக்கு.”

“பெருநாளு நாளைக்கில்லா?”

ஆட்டோக்காரர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு சித்தப்பா, தெருவிலேயே அதிக மக்ரூன் தின்றவர், எழுந்து போய் வாய் கொப்பளித்துத் துப்பினார்.

“சவத்தெழவு. ஆளத் தூக்குல போட்ட அன்னைக்கு இனிப்புக் குடுத்திருக்கான்வே!”

நான் குடையோடு கீழே ஓடினேன். “சித்தப்பா, வருசா வருசம் ரெண்டு நாளு முந்தித்தான வருது? போன வருசமும் திங்கலியா?”

“போன வருசம் யாரத் தூக்குல போட்டாங்க?” என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் அவர் ஜெயித்துவிட்டதாக எல்லோரும் முடிவு செய்தார்கள்.

கவனியுங்கள், அந்தத் தேசத்திலேயே பண்டிகை எந்த நாள் என்பது ஒரு வழக்காக இருந்தது. ஒரு பிரிவுக்குச் சனி, இன்னொரு பிரிவுக்கு ஞாயிறு. பண்டிகை நாளில் தூக்கிலிட்டது சரியா என்று அங்கே ரத்தம் கொதித்தது. எங்களுக்கு அந்த வழக்கும் வேண்டியதாயிருந்தது. இறக்குமதி செய்துகொண்டோம், சுங்கம் கட்டாமல். சேட்டின் நாட்காட்டி நிலவைப் பார்க்காமல் கணக்கிட்டுப் போடுவது, பல நூற்றாண்டுப் பழசு, போராக்கள் ஷியாவில் ஒரு தனிக் கிளை, அவர்களுக்கும் தூக்கில் போட்டவர்களுக்குமே ஒத்துப் போகாது என்பதையெல்லாம் அவர் கடை வாசலில் நின்று சொன்னார். கேட்டவர்கள் அவர் வாயைப் பார்க்கவில்லை, பின்னால் கிடந்த சுருளைப் பார்த்தார்கள்.

முந்தின நாள் பெருமை மறுநாள் சாட்சியாயிற்று. கயிறு அவருடையது என்பதில்தான் ஊருக்கு ஏற்கெனவே சந்தேகம் இல்லையே. ஷியாக்காரன் ஷியாக்காரனுக்குக் கயிறு கொடுத்தான், காரியம் முடிந்ததும் இனிப்புக் கொடுத்தான். இவ்வளவுதான் கதை, ஓட்டையே இல்லை. திங்கட்கிழமை ஊரின் பக்ரீத்தும் வருடப் பிறப்பும் ஒன்றாக வந்தன. அன்று காலை சேட்டு கடை ஷட்டரில் கரியால் ஒரு சுருக்கு வரைந்திருந்தது. காயல்பட்டினத்துத் தோணிக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். அதைவிடக் கேவலம், வெடி வைத்த கூட்டத்து ஆட்கள் சிலர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “நல்ல காரியம் செஞ்சீரு சேட்டு.” கரி துடைத்ததும் போய்விட்டது. கையைத்தான் அவர் வெகுநேரம் கழுவினார்.

என்னை அவர் தங்கச்சி என்பார். அவர் மனைவி சில மத்தியானங்களில் என்னைக் கடை மாடியிலிருந்த தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பிட வைப்பார். பெரிய தாம்பாளம் ஒன்று, அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். முதலில் ஆளுக்கொரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். உப்பு விளைகிற ஊரில் நாங்கள் உப்பை மூட்டையாக மட்டுமே பார்த்திருக்கிறோம்; அதற்கு ஒரு முதல் மரியாதை உண்டென்று நான் கண்டது அந்த மாடியில்தான். அந்த வாரமும் கூப்பிட்டார்கள். உப்புக் கிண்ணம் சுற்றி வந்தது. சேட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, சோற்றைத் தொடாமல் பேசினார்.

“காயல்பட்டினத்துக் காக்கா புதுத் தோணி கட்டி முடிச்சிட்டாரு. பொங்கலுக்கு முன்ன எறக்கணும். கயிறெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். அவரு வந்து என் கையால நுனி கட்டி வாங்கிட்டுப் போயிட்டாருன்னா இந்தப் பேச்சு அடங்கிரும் தங்கச்சி. அவரு வாங்குனா எல்லாரும் வாங்குவாங்க.”

“வரலன்னா?”

“கடையப் பூட்ட வேண்டியதுதான். ராஜ்கோட்டுல மச்சான் இருக்கான், வா வான்னுதான் சொல்லுதான். அங்க போயி என்ன செய்ய? எனக்குக் குஜராத்தியில கோவப்படக்கூடத் தெரியாது.”

அவர் மனைவி சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

காயல்பட்டினத்தில் காக்கா என்றால் அண்ணன்; இந்தக் காக்கா பெரிய மனிதர். வளைகுடாவில் பாதி ஆயுளைப் போட்டுத் திரும்பியவர், ஊரில் அவர் சொன்னால் ஒரு சொல். அவருடைய எல்லாத் தோணிகளின் முதல் கயிறும் சேட்டு கை பட்டவை. அந்த நாட்களில் அவர் பீச் ரோட்டு வழியாகத் தினமும் காரில் போனார். சேட்டு கடை வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். ஏச்சில்லை, பேச்சில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார், கடல்காரர் அல்லவா.

இதற்கு நடுவில்தான் எங்கள் ஊர் தன் மேதைமையின் உச்சத்தைத் தொட்டது.

தூக்கில் தொங்கியவன் கயிற்றில் ஒரு துண்டு இடுப்பில் இருந்தால் காத்துக்கருப்பு அண்டாது, கேஸ் நிற்காது, பயந்த பிள்ளை அழாது என்று எவனோ சொன்னான். தொங்கியவன் ராசா என்றால் பலன் இன்னும் அதிகம். அந்தக் கயிறு கிடைக்காது. ஆனால் அதே சுருளின் மிச்சம்? சாயந்திரமானால் சேட்டு கடையின் பக்கவாட்டுச் சந்தில் ஆள் நடமாட்டம் தொடங்கியது. முன்வாசலைப் பகலில் புறக்கணித்தவர்கள் பக்கவாசலில் பொழுது சாய வந்தார்கள். ஒரு சாயந்திரம் அலுவலகத்துக்குக் கயிறு சொல்லப் போயிருந்தபோது நானே பார்த்தேன். மாதா சுரூபம் போட்ட சங்கிலியோடு ஒருத்தி வந்தாள், எங்கள் கோயில் பாடற்குழுவில் முதல் வரிசைக்காரி. அவள் போனதும் ஃப்ளெக்ஸில் செல்போனோடு முறைத்தவரில் ஒருவர். அவரை இடித்துக்கொண்டு நெற்றியில் குங்குமத்தோடு வெடி வைத்தவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி கயிற்றைப் பார்த்தார்கள்.

“ஒரு சாண் போதும் சேட்டு.”

“எதுல?”

“அதான்... அந்தச் சுருள்ல.”

“எந்தச் சுருள்ல?”

“தெரியாத மாதிரி கேக்கீரே.”

சேட்டு கடைசியில் வெடித்தார். “நான் கப்பலுக்குக் கயிறு விக்கிறவன். தாயத்து வேணும்னா தர்காவுக்குப் போங்க, கோயிலுக்குப் போங்க. அந்தக் கயிறு என் கயிறு இல்ல, இல்ல, இல்ல!”

வெளியே வந்து அவர்கள் சொன்னது எனக்குக் கேட்டது. “பதுக்கி வச்சிருக்காரு வே. பெரிய எடத்துக்குக் குடுக்கதுக்கு.”

சேட்டு விற்காததை விற்க ஒரு ஆள் கிளம்பினார். என் சித்தப்பாதான், வேறு யார்? “எங்கிட்ட இருக்குவே. நம்ம வள்ளத்தக் கட்டியிருக்கது அதே சுருள்தான். நான் வாங்குன மிச்சம்தான் துபாய்க்குப் போச்சு.” அந்தக் கயிறு வாங்கி மூன்று மழை கண்டது. ஆனாலும் சாண் சாணாக வெட்டி விற்றார். கிழக்கே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட குடும்பம் வாங்கிற்று, மேற்கே சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுகிற குடும்பம் வாங்கிற்று, காயல்பட்டினத்திலிருந்து முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து வாங்கினார்கள். சேட்டைக் கொலைகாரன் என்ற அதே வாய்கள் அவர் கடைக் கயிற்றை முத்தமிட்டு இடுப்பில் சொருகின. மத நல்லிணக்கம் எங்கள் ஊரை விட்டுப் போய்விட்டது என்று எவன் சொன்னது?

கயிறு குறைந்துகொண்டே வந்தது. வள்ளம் கரையை நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், நல்ல கயிற்றை எல்லாம் விற்று முடித்து, வீட்டில் துணி காயப்போடும் நைலானை முறுக்கி வள்ளத்தைக் கட்டினார் சம்மாட்டி. பொங்கலுக்கு முந்திய வாரம் ஒரு காலையில் வாடை நிமிர்ந்து அடித்தது. நைலான் என்ன செய்யும்? அதற்குத் தெரிந்தது சேலையும் பாவாடையும். வள்ளம் ஆளில்லாமல் புறப்பட்டு, முயல்தீவுப் பக்கத்துப் பாறைத்திட்டில் போய் ஏறி, ஒவ்வொரு அலைக்கும் அடிவயிற்றைக் கல்லில் இடித்துக்கொண்டு நின்றது.

இழுக்க வேண்டும், மத்தியானத்துக்குள். இழுக்கக் கூடிய தோணி அன்று துறையில் ஒன்றுதான், காக்காவுடையது. சித்தப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு போய் நின்றார். காக்கா மறுக்கவில்லை, கடலில் தவிக்கிற படகை மறுக்கிறவன் எங்கள் கரையில் இல்லை, அந்த ஒன்றை மட்டும் நான் ஊருக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய தண்டல், தோணியின் தலைமை மாலுமி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நீளக் கயிறு, புதுக் கயிறு வேணும். சேட்டு கை படாத புதுக் கயித்துல நான் இழுக்க மாட்டேன் காக்கா. அறுந்து எகிறுச்சுன்னா ஆளையே வெட்டிரும்.”

மதம், பிரிவு, பாக்தாத், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடநம்பிக்கை ஏறி உட்கார்ந்து காலை ஆட்டியது.

ஆக எல்லோரும் சேட்டு கடைக்கு வந்தார்கள். முன்வாசல் வழியாக. காக்கா, தண்டல், சித்தப்பா, டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், இடுப்பில் ஒரு சாணோடு இன்னும் பத்துப் பேர். நான் மாடியிலிருந்து இறங்கி அவர்களுக்குப் பின்னால் போனேன். காக்கா வந்துவிட்டார். சேட்டு காத்திருந்தது இதற்குத்தான்.

சேட்டு எழுந்தார். காக்காவின் புதுத் தோணிக்கென்று எடுத்து வைத்திருந்த மணிலாச் சுருளை உருட்டிக்கொண்டு வந்து நடுவில் போட்டார். வேண்டிய அளவுக்கு இரு கையையும் நீட்டிப் பாகம் பாகமாக அளந்து விரித்துக் கொடுத்தார். பிறகு கல்லாப் பெட்டியடியில் இருந்த கத்தியையும் நூல்கண்டையும் எடுத்துப் பலகையின் மேல் வைத்து, ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“வெட்டிக்கிடுங்க.”

“நீங்கல்லா வெட்டணும்,” என்றார் சித்தப்பா.

“என் கை பட்ட கயிறு ஆளத் தூக்குல போடுதுன்னு நீங்கதான சொன்னீங்க சம்மாட்டி? வள்ளம் பாவம்.”

“அது சும்மா பேச்சுக்கு... டீக்கடையில ஆயிரம் பேசுவோம் சேட்டு. வள்ளம் ஒடயுது!”

“ஒடயக்கூடாதுன்னுதான் கயிறு குடுத்திருக்கேன். நல்ல கயிறு. எடுத்துட்டுப் போங்க.”

காக்கா முன்னால் வந்தார். அவர் குரல் தணிந்திருந்தது. “சேட், நா ஒரு வார்த்த சொன்னேனா? ஒங்களப் பத்தி எங்கயாச்சும் ஒரு வார்த்த?”

சேட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை நாளில் அவர் கண் கலங்கி நான் கண்டது அப்போதுதான்.

“இல்ல காக்கா. நீங்க ஒரு வார்த்தயும் சொல்லல.”

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வாடை சத்தம் போட்டது. யாரும் கத்தியைத் தொடவில்லை. தொட்டவன் கைக்கு ராசி இல்லையென்று நாளைக்கு ஊர் சொன்னால்? ஊர் என்ன சொல்லும் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் தெரியும், ஊரே அவர்கள்தானே. கடைசியில் காக்காவே கத்தியை எடுத்து, மாட்டு வண்டிச் சக்கரத்தை அறுப்பது போல ராவி ராவி வெட்டினார். நூலைச் சுற்றினார். அது வழுகிற்று. மறுபடி சுற்றினார்.

“சரியா இரிக்குதா சேட்?”

“கயிறு நல்ல கயிறு காக்கா.”

வள்ளம் வந்துவிட்டது. கயிறு அறவில்லை. சேட்டு கை இல்லாமலே எல்லாம் நடக்கும் என்பது நிரூபணமாயிற்று. அதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. காக்கா தன் புதுத் தோணிக்கும் அங்கேயே கயிறு வாங்கினார். அவர் வாங்கவும் எல்லோரும் வாங்கினார்கள். கடை தப்பியது, ராஜ்கோட்டு மச்சான் கூப்பிடுவதை நிறுத்தினார். எல்லோரிடமும் சேட்டு சிரித்துப் பேசினார், கயிற்றை விரித்தார், பிறகு கத்தியைப் பலகையில் வைத்துப் பின்னால் போய் நின்றார். காக்கா இன்னும் இரண்டு தடவை வந்து கேட்டார். ஒரு தடவை பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். “வயசாயிருச்சு காக்கா, கை நடுங்குது,” என்றார் சேட்டு. நடுங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு.

அடுத்த வருடம் அவருடைய பக்ரீத் வந்தது, ஊருக்கு முந்தி. காலையிலிருந்து டீக்கடை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மணியாகியும் பெட்டியைக் காணோம்.

“ஏளா,” என்று மேலே பார்த்துக் கத்தினார் சித்தப்பா, “சேட்டுக்கு இன்னைக்குப் பெருநாளில்லையாமா? போய்க் கேட்டுட்டு வாயேன்.”

“நீங்களே கேளுங்க சித்தப்பா.”

“சவம், கஞ்சனாயிட்டாரு மனுசன்,” என்று அவர் டீக்கடைக்காரரிடம் சொன்னார். டீக்கடைக்காரரும் ஆமாம் என்றார். அப்படி ஒரு பேச்சு அன்று மத்தியானத்துக்குள் மீன் ஏலக்கூடத்துக்குப் போயிருக்கும்.

கேட்பதற்காக இல்லை, என் வீட்டுக்குத் துணிக்கொடி வாங்க வேண்டியிருந்ததால் நான் சாயந்திரம் போனேன். சேட்டு புதுச் சட்டை போட்டிருந்தார். மாடியிலிருந்து நெய் மணம் இறங்கி வந்தது. வேண்டிய கயிற்றை விரித்தார், இழுத்துப் பார்த்து முறுக்கைச் சோதித்தார். பிறகு, எனக்கும்தான், கத்தியைப் பலகையில் வைத்தார்.

வெட்டினேன். கோணலாக வந்தது. அந்தக் கொடி இன்றும் என் மாடியில் இருக்கிறது. நுனி பிரிந்து பிரிந்து, வாடையடிக்கிற மாதங்களில் சுவரைச் சாட்டை போல அடித்துக்கொண்டே இருக்கிறது.